‘அவங்க மட்டும் ஏன் ஏழை?’ – குழந்தைக்கு நாம் சொல்லும் பதில்

நம் வீடுகளில் குழந்தைகளோடு பேசாத விஷயம் என்று இன்று ஏதாவது உண்டா? கிரிக்கெட், சினிமா, செவ்வாய்க்குப் போகும் ராக்கெட், பக்கத்து வீட்டுச் சண்டை, பிறப்பு, இறப்பு என்று எல்லாம் பேசுகிறோம். ஆனால் சிலரிடம் ஏன் நிறையப் பணம் இருக்கிறது, பலரிடம் ஏன் இல்லை என்று குழந்தை கேட்டால் மட்டும் நமக்கு அடுப்பில் பால் பொங்குவது நினைவுக்கு வந்து விடுகிறது.

தில்லிப் பள்ளி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் சிறு வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். அதிகாரி வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், அந்த வீடுகளில் சமையல் செய்கிறவர்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ‘அ’ எழுதும்போது கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஏழை, பணக்காரர் என்ற விஷயத்தைக் குழந்தைகளிடம் பேசியே ஆக வேண்டும், அதுவும் ஐந்து வயதிலிருந்தே பேச வேண்டும் என்பது என் கருத்து. வாசகர்களில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். ‘பிஞ்சு மனசில் இதையெல்லாம் ஏன் ஏற்ற வேண்டும்?’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நாம் ஏற்றாவிட்டாலும் அது ஏறித்தான் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

குழந்தைக்குத் தெரியும்

தில்லியைப் போல மனிதர்களைத் தரம் பிரித்து எழுதி ஒட்டிய ஊர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அரசாங்கக் குவார்ட்டர்ஸையே எடுத்துக் கொள்ளுங்கள். 1ஆம் டைப் முதல் 8ஆம் டைப் வரை உண்டு. அப்பாவின் சம்பளம் என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. டைப் என்ன என்று கேட்டால் போதும், அறை எத்தனை, தோட்டம் உண்டா, வீட்டு வேலையாளுக்குத் தனி அறை உண்டா எல்லாம் தெரிந்து விடும். அந்தப் பழைய குவார்ட்டர்ஸ்களில் பல இன்று இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகி விட்டன. டைப் மட்டும் போகவில்லை. 2004ஆம் ஆண்டு முதல் மாநகராட்சியும் சொத்து வரிக்காகக் காலனிகளை ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

குழந்தைக்கு இந்த எழுத்துகள் தெரியாது. ஆனால் எந்தக் காலனியில் குழாயில் தண்ணீர் வரும், எங்கே டேங்கர் வந்தால்தான் குடம் நிறையும் என்று தெரியும். எந்த வீட்டுப் பிறந்த நாளுக்குப் போனால் பெரிய பரிசு கிடைக்கும் என்று தெரியும். ஒரே மின்தூக்கியில் வீட்டு வேலை செய்யும் அம்மா ஏறக்கூடாது என்று சில அடுக்குமாடிகளில் சொல்வதைக் கேட்டிருக்கும். இத்தனையும் பார்த்த பிறகு, பெரியவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையென்றால், குழந்தை தானாக ஒரு விளக்கம் கட்டிக் கொள்கிறது. பெரும்பாலும் அது ‘நல்லவங்களுக்கு நல்ல வீடு’ என்பதாக இருக்கும். கதைகளில் அப்படித்தானே முடிகிறது? அந்த விளக்கத்தைப் பின்னால் எடுப்பது மிகக் கடினம். எழுத்தைத் தப்பாகப் பழகின விரலைத் திருப்புவதை விடக் கடினம்.

நாம் சொல்லும் நான்கு பதில்கள்

நம் வீடுகளில் நான் கேட்ட பதில்கள் நான்கு வகை.

முதலாவது, ‘ஷ்! அப்படியெல்லாம் கேட்கக் கூடாது.’ இதனால் குழந்தை கற்றுக் கொள்வது ஏழ்மை என்பது ஏதோ அசிங்கமான விஷயம் என்பதைத்தான்.

இரண்டாவது, ‘பாவம்!’ இதில் இரக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘பாவம்’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். அந்தச் சொல்லையே மறுபடி மறுபடி கேட்கும் பிள்ளை, எதிரில் இருப்பவர் உழைத்துச் சம்பாதிக்கும் மனிதர் என்பதை மறந்து விடுகிறது. என் வகுப்பில் ஒரு சிறுமி பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு ரப்பர் கொடுத்து விட்டு, ‘பாவம், அவங்க அம்மா வீட்டு வேலை செய்யறாங்க’ என்றாள். வாங்கிய குழந்தை ரப்பரைத் திருப்பிக் கொடுத்து விட்டது. யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காமலே அதற்குப் புரிந்திருந்தது.

மூன்றாவது, ‘ஏழையும் இல்லை, பணக்காரனும் இல்லை, எல்லாரும் ஒண்ணுதான்.’ மதிப்பில் ஒன்று என்று சொன்னால் சரி. வாழ்க்கையில் ஒன்று என்றால் குழந்தை தன் கண்ணை நம்புவதா, நம்மை நம்புவதா?

நான்காவதுதான் மிகப் பரவலானது. நடுத்தர வீடுகளில் தினசரி மந்திரம் போலவே சொல்கிறார்கள்: ‘ஒழுங்காப் படி. இல்லேன்னா நீயும் அவங்களை மாதிரி பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான்.’ பாத்திரம் தேய்ப்பவர் அதே சமையலறையில் நின்று கொண்டிருப்பார். அவர் காதில் விழும். அவர் மகள் நம் தமிழ் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவளாகவும் இருக்கலாம்.

இந்த நான்காவது பதிலை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். முதலில் அது உண்மை இல்லை. நம் வீட்டுப் பிள்ளை மோசமாகப் படித்தால் பாத்திரம் தேய்க்கப் போவதில்லை. பணம் கட்டிச் சேரும் கல்லூரி இருக்கிறது, மாமாவின் சிபாரிசு இருக்கிறது, ஒன்றும் இல்லையென்றால் அப்பா வாங்கிப் போட்ட வீடு இருக்கிறது. அவர் வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்தாலும் பதினாறு வயதில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் படிப்பை நிறுத்தி விட்டு அந்த நான்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டாவதாக, வேலை செய்து பிழைப்பதே ஒரு தண்டனை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது அந்த வாக்கியம். மூன்றாவதாக, ஏழையாக இருப்பவர் எல்லாரும் சோம்பேறியாக இருந்து அந்த நிலைக்கு வந்தவர் என்ற தீர்ப்பும் அதில் அடங்கியிருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து டேங்கருக்கு வரிசையில் நின்று, ஆறு வீடு முடித்து, இரவில் தன் வீட்டிலும் சமைப்பவரைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு நா எழக் கூடாது.

ரயிலை வைத்துச் சொல்லலாம்

சரி, எப்படித்தான் சொல்வது? வர்க்கம், சமூகப் பொருளாதார நிலை என்றெல்லாம் ஆறு வயதுப் பிள்ளையிடம் ஆரம்பிக்க முடியாது. நான் ரயிலை வைத்துச் சொல்வேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தில்லித் தமிழ்க் குழந்தைக்கு ரயிலை விடத் தெரிந்த பொருள் எது?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர் போகிறது. ஒன்றரை நாள் பயணம். அதில் முதல் வகுப்பு ஏ.சி. இருக்கிறது, கதவு மூடிய தனி அறை. பிறகு இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி. அதன் பிறகு ஏ.சி. இல்லாத ஸ்லீப்பர். கடைசியில், முன்பதிவே இல்லாத ஜெனரல் பெட்டி; அதில் கழிவறை வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்து வருவார்கள். ‘இதைத்தான் வகுப்பு என்கிறோம். ஊரிலும் இப்படித்தான் மக்கள் பல பெட்டிகளில் இருக்கிறார்கள்’ என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. இழுப்பது ஒரே எஞ்சின். நடுவழியில் எஞ்சின் நின்றால் எல்லாருக்கும்தான் தாமதம். ஆனால் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நின்றால் யாருக்கு அதிகம் கஷ்டம்? இந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் தவறாகப் பதில் சொன்னதில்லை.

பிறகு கேள்விகள் வரும். ஒரு பையன் கேட்டான்: ‘ஜெனரல்ல போறவங்க ஏன் ஏ.சி. டிக்கெட் வாங்கலை?’

‘காசு போதாது.’

‘ஏன் போதாது? அவங்க வேலைக்குப் போகலையா?’

‘போறாங்க. ரொம்பக் கஷ்டமான வேலை. ஆனா அந்த வேலைக்குச் சம்பளம் கம்மி.’

‘கஷ்டமான வேலைக்கு ஏன் கம்மி?’

இங்கே பெரியவர்களே திணறுவோம். நான் சொன்னது இதுதான்: ‘அந்த வேலைக்கு நிறையப் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. இவர் கூடுதலாக் கேட்டா, அடுத்தவரைக் கூப்பிட்டுக்கலாம்னு கொடுக்கிறவருக்குத் தெரியும். வேற வேலைக்குப் போகப் படிப்பு வேணும். சின்ன வயசுல அவரைப் படிக்க வைக்க அவங்க அப்பாகிட்ட காசு இல்லை.’

அப்போது ஒரு பெண் குழந்தை, நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை, யோசித்து யோசித்து ஒன்று கேட்டாள்: ‘அப்ப நான் ஏ.சி.ல போறது நான் கெட்டிக்காரிங்கறதால இல்லையா டீச்சர்?’

‘இல்லைம்மா. உங்க அப்பா எடுத்த டிக்கெட்.’

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டு வயதில் இதைப் புரிந்து கொள்ளும் பிள்ளை இருபத்தெட்டு வயதில் ஒரு நல்ல மேலதிகாரியாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. தான் கெட்டிக்காரி இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. டிக்கெட்டும் கெட்டிக்காரத்தனமும் வேறு வேறு என்று மட்டும்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லலாம். ரயிலில் ஒரு காலத்தில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. காந்தியடிகள் அதில் பயணம் செய்து, அதன் அவலத்தை 1917இல் ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார். 1974இல் அந்த வகுப்பு எடுக்கப்பட்டது. ஆக, வகுப்புகள் மழை, வெயில் மாதிரி தானாக வந்தவை அல்ல. மனிதர்கள் வைத்தவை, மனிதர்களால் மாற்றக் கூடியவை. ஜெனரல் பெட்டியைப் பார்த்தவர்கள் பெயர் மட்டும்தானே மாறியது என்று சொல்வார்கள். அதுவும் உண்மைதான். பிள்ளைகளிடம் அதையும் சொல்லலாம்.

ரயில் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. ரயிலில் எல்லாரும் ஒரே நேரத்தில் சென்னை போய்ச் சேருகிறார்கள். வாழ்க்கையில் அப்படிச் சேருவதில்லை. அதற்கு வேறு விளையாட்டு வேண்டும்.

பரமபத ஏணி

பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்குப் பரமபதப் படத்தை விரித்து வைப்பேன். அந்தப் படத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம் என்று நம் பெரியவர்கள் வைத்தார்கள். ‘இன்றைக்கு ஆட்டத்தில் அப்படி இல்லை’ என்று முதலிலேயே சொல்லி விடுவேன். ஏணி என்றால் பள்ளிக்கூடம், நிரந்தர வேலை, சொந்த நிலம், அவசரத்துக்குக் கடன் தரும் உறவினர். பாம்பு என்றால் வியாதி, விபத்து, வேலை போவது, வீடு போவது.

நம் கதையையே எடுத்துக் கொள்ளலாம். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, ஒரு தகரப் பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்த நம் தாத்தாக்களும் அப்பாக்களும் கஷ்டப்பட்டார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. அவர்கள் ஏணி ஏறினார்கள். ஆனால் ஏணி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மத்திய அரசு வேலை ஓர் ஏணி. குவார்ட்டர்ஸ் ஓர் ஏணி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் ஓர் ஏணி. ஓய்வூதியம் ஓர் ஏணி. பாம்புகளுக்கும் ஒரு தடுப்பு இருந்தது: 1954இல் தில்லியில் மத்திய அரசு ஊழியருக்கான மருத்துவத் திட்டம் வந்த பிறகு, வீட்டில் ஒருவர் படுத்தால் வீடே படுக்க வேண்டியதில்லை என்றாயிற்று.

அதே தமிழ்நாட்டிலிருந்து 1960களின் இறுதியிலும் 1970களிலும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்களுக்கு இந்த ஏணிகளில் எது கிடைத்தது? பள்ளி ஒன்றுதான், அதுவும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் தாக்குப் பிடித்தவர்களுக்கு. உழைப்பில் அவர்கள் நமக்குக் குறைந்தவர்கள் அல்ல. ஆட்டத்தில் அவர்கள் நின்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஏணி இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு எண்ணிக்கை வேண்டுமென்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. 2022-23ஆம் ஆண்டு மத்திய அரசின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரங்களில் அடிமட்டத்தில் இருக்கும் 5 சதவீதத்தினர் ஓர் ஆளுக்கு மாதம் சராசரி 2,001 ரூபாய் செலவழித்தார்கள். மேல்மட்ட 5 சதவீதத்தினர் 20,824 ரூபாய். அடுத்த ஆண்டுக் கணக்கில் இந்த இடைவெளி சற்றுக் குறைந்தது, அவ்வளவே. ஒருவர் தட்டில் ஒரு இட்லி, அடுத்தவர் தட்டில் பத்து இட்லி என்று பலகையில் வரைந்து காட்டினால் போதும். ‘பத்து இட்லியை ஒருத்தர் எப்படி டீச்சர் சாப்பிடுவார்?’ என்று கேட்டான் ஒருவன். ‘சாப்பிட மாட்டார். மீதியை எடுத்து வெச்சு ஏணி வாங்குவார்’ என்றேன். சிரித்தார்கள். ஆனால் புரிந்து கொண்டார்கள்.

சாதியை மறைக்காமல்

நம் நாட்டில் பணத்தைப் பற்றி மட்டும் பேசி விட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். சாக்கடையில் இறங்கிச் சுத்தம் செய்பவர் ஏன் எப்போதும் குறிப்பிட்ட சில சாதிகளிலிருந்தே வருகிறார் என்பதற்கு ‘காசு இல்லை’ என்பது பதில் ஆகாது. காசு இல்லாதவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு எல்லாரும் போவதில்லை. கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. அதன் பிறகும் தில்லியிலேயே சாக்கடைக் குழியில் விஷ வாயு தாக்கி இறந்தவர்கள் உண்டு. செய்தித்தாளில் அதைப் படித்துக் கேட்கும் பிள்ளையிடம், ‘முன் காலத்தில் இந்தச் சாதியில் பிறந்தவர் இந்த வேலைதான் செய்ய வேண்டும், நிலம் வைத்துக் கொள்ளக் கூடாது, படிக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அது அநியாயம். அந்த அநியாயத்தின் கடன் இன்னும் தீரவில்லை’ என்று நேராகச் சொல்லலாம். ஒன்பது வயதுக்கு அநியாயம் என்ற சொல் நன்றாகவே புரியும். விளையாட்டில் தினமும் உபயோகிக்கிற சொல்தானே!

வள்ளுவர் பொருட்பாலில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வறுமையைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று அவர் நினைக்கவில்லை. ஒப்பித்தல் போட்டிக்கு நாம் கொடுக்கும் அதிகாரங்களில் இந்த மூன்றும் அநேகமாக இருப்பதில்லை. ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாமே.

நம் ஊர்க்காரர்களுக்கு நடந்தது

2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி ஜங்புரா அருகே பாராபுலா வடிகால் கரையில் இருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அரை நூற்றாண்டாகத் தமிழர் வாழ்ந்த இடம். நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று ஏற்கப்பட்ட குடும்பங்கள் 189. அங்கிருந்த பல குழந்தைகள் நம் தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள். நரேலா எங்கே, ஜங்புரா எங்கே! இடையில் சுமார் 40 கிலோமீட்டர். ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

அந்த வாரம் என் வகுப்பில் வந்த கேள்வி: ‘அவங்க ஏன் வேற வீடு வாங்கிக்கலை?’

இப்படிக் கேட்டதற்காகக் குழந்தையைக் கோபிக்க வேண்டியதில்லை. அதற்கு விவரம் தேவைப்படுகிறது. இரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வடிகால் அடைத்துக் கொண்டால் மழைக் காலத்தில் அக்கம்பக்கமெல்லாம் வெள்ளம் வரும். அதைத் தூர் வார வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலம் அங்கே குடியிருந்தவர்களுக்குச் சட்டப்படி சொந்தமில்லை. இதெல்லாம் ஒரு பக்கம். அவர்கள் வேலை செய்த வீடுகள் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. அந்த வீடுகள் உள்ள தெருக்களில் வாடகைக்கு இருக்க அவர்கள் வாங்கும் சம்பளம் போதாது. காலை ஆறரைக்கு வேலைக்கு வர வேண்டுமென்று நினைக்கும் ஊர், அவர்கள் இரவு எங்கே தூங்குவார்கள் என்று யோசிக்கவில்லை. இது இன்னொரு பக்கம். ‘அப்ப தப்பு யாரோடது?’ என்று கேட்டார்கள். ‘ஒருத்தரைக் கை காட்ட முடியாது. ஆனா வீடு கட்டித் தராம ஐம்பது வருஷம் வேலை மட்டும் வாங்கிக்கிட்டது ஊருக்கே அழகில்லை’ என்றேன். இதை நான் குழந்தைகளுக்காக எளிமையாக்கிச் சொல்லவில்லை. என் அபிப்பிராயமே அதுதான்.

நாம் செய்யக் கூடியவை

பிள்ளைகள் நாம் சொல்வதை விட நாம் பேசும் விதத்தைத்தான் கவனிக்கிறார்கள். நம் தமிழில் ‘வந்தா’, ‘வந்தாங்க’ என்ற இரண்டு சொல்லுக்குள் முழு சமூகமும் இருக்கிறது. இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படி. விருந்தாளியை ‘ஆப்’ என்று சொல்லும் ஏழு வயதுப் பிள்ளை, அறுபது வயது ரிக்‌ஷாக்காரரைத் ‘தும்’ என்றோ ‘தூ’ என்றோ கூப்பிட்டால், அதை அது பள்ளிக்கூடத்தில் கற்றதா, நம் வீட்டு வாசலில் கற்றதா? ‘வேலைக்காரி வந்தா’ என்பதை ‘அக்கா வந்தாங்க’ என்று மாற்ற ஒரு காசு செலவில்லை. அவருக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரையும் அதோடு எடுத்து விட்டால், நான் மேலே எழுதிய பாடத்தில் பாதியை நடத்தி முடித்தாயிற்று.

பழைய துணி, மீந்த பலகாரம் கொடுப்பதைப் பிள்ளையின் கையால் கொடுக்க வைக்காதீர்கள். தருமம் பழகட்டும் என்றுதான் செய்கிறோம். ஆனால் வாங்குகிறவர் கூடவே அவர் பிள்ளை வந்திருந்தால், இரண்டு பிள்ளைகளும் தத்தம் இடத்தை அன்றைக்கே கற்றுக் கொண்டு விடுகின்றன. கொடுப்பதை விடச் சம்பளத்தை உயர்த்துவதும், மாதம் நான்கு நாள் விடுமுறை தருவதும், அதைப் பிள்ளை கேட்கும்படி வீட்டில் பேசுவதும் நல்ல பாடம்.

பள்ளிக்கூட விஷயமும் ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடத்தை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்ற பிரிவை 2012இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தில்லியில் இதற்குக் கணினிக் குலுக்கல் நடக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்படிச் சேர்ந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ‘ஈ.டபிள்யூ.எஸ்.’ என்றே பட்டப் பெயர் வைத்துக் கூப்பிடுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த எழுத்துகளின் விரிவு தெரியாது. யாரோ பெரியவர் வாயிலிருந்துதான் வந்திருக்கும். உங்கள் பிள்ளை அப்படிச் சொன்னால் அன்றைக்கே உட்கார்த்தி வைத்துப் பேசுங்கள். ரயில் கதை கைகொடுக்கும்.

பணத்தைப் பற்றி வீட்டில் மறைக்காமல் பேசுவதும் அவசியம். பள்ளிக் கட்டணம், மின்சாரக் கட்டணம், அக்காவின் சம்பளம் இவற்றை ஒரு தாளில் எழுதிப் பத்து வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். நம் பீட்சா செலவும் அக்கா ஒரு வாரம் பாத்திரம் தேய்த்து வாங்கும் கூலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

இனி, நம் சங்கங்களைப் பற்றி. பொங்கல் விழாவில் குழந்தைகள் மாறுவேடப் போட்டி வைக்கிறோம். உடை, நகை, ஒப்பனை எல்லாம் வாடகைக்கு எடுத்து ஆயிரக் கணக்கில் செலவழித்து வருகிறவர்களுக்குத்தான் பரிசு போகிறது. இதை நிறுத்தி, காகிதத்திலும் பழைய துணியிலும் மட்டும் வேடம் செய்யலாம் என்று விதி வைத்தால் என்ன? நடனப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் எதற்கு? முன்வரிசை நாற்காலிகள் நன்கொடையாளர் குடும்பத்துக்கு என்று எழுதி ஒட்டுகிறோம். நன்கொடை இல்லாமல் விழா நடக்காது, உண்மைதான். அவர்களை மேடையில் கௌரவிக்கலாம். குழந்தைகள் நிகழ்ச்சியன்று முன்வரிசைகளை எல்லாக் குழந்தைகளுக்கும் விட்டு விடலாம். நரேலா, திரிலோக்புரி போன்ற தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்யலாம். பெரிய செலவு இல்லை; மலர்மாலைச் செலவை ஒரு வருடம் குறைத்தால் வந்து விடும்.

இதையெல்லாம் செய்தால் நாட்டில் ஏழ்மை ஒழியுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. அதற்குக் கூலி, வீடு, பள்ளி, மருத்துவமனை என்று அரசாங்கம் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது. ஆனால் அந்த அரசாங்கத்தில் நாளைக்கு உட்காரப் போகிறவர்களில் சிலர் இன்று நம் வீட்டுக் கூடத்தில் ஹோம்வொர்க் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். ஏழை என்றால் சோம்பேறி என்று நம்பி வளர்ந்தவர் கையெழுத்திடும் கோப்பும், ஏணி எல்லாருக்கும் இருக்கவில்லை என்று தெரிந்து வளர்ந்தவர் கையெழுத்திடும் கோப்பும் ஒன்றாக இராது.

என் முறை பிடிக்காதவர்கள் வேறு முறை சொல்லட்டும். ரயிலை விட நல்ல உதாரணம் உங்களிடம் இருக்கலாம். உங்கள் பிள்ளையோ பேரக் குழந்தையோ இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். பத்துப் பேர் எழுதினாலும் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எனக்கு உபயோகப்படும்.